காலை அரை, மாலை அரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எங்கள் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிவன் கோயில், சுற்றிலும் இடிந்த கோட்டை. 1760-இல் வந்தவாசியில் ஜெயித்த கையோடு அயர் கூட் என்கிற வெள்ளைக்காரத் தளபதி இங்கே வந்து, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். சண்டையில் அவருக்கே காயம். 1782-இல் ஹைதர் அலி ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து வந்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்படி எங்கள் ஊரில் யார் யாரோ வந்து எதையெதையோ பிடித்திருக்கிறார்கள். மலையடிவாரத்திலேயே குடியிருக்கிற எனக்கு ஒரு பூனையின் வாயைப் பிடிக்க வரவில்லை.

வெள்ளச்சிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வதென்று முடிவானதே ஊர் நிர்ப்பந்தத்தில்தான். பூனைக்குக் கர்ப்பம் ஏறக்குறைய 65 நாள். குட்டிகள் பாலை மறப்பதற்குள் அடுத்த வளைகாப்புக்குத் தயாராகிவிடும். ஆரம்பத்தில் ஆசையாகக் குட்டி கேட்டு வாங்கிப் போனவர்கள்கூட, பிற்பாடு நான் கூடையோடு தெருவில் இறங்கினால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். ரிட்டையரான வாத்தியாரைப் பார்த்து ஓடுகிறவன் கடன் வாங்கினவனாக இருக்க வேண்டும். இங்கே நான் கொடுக்க வந்தேன் என்று ஓடினார்கள்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். மாத்திரை கொடுக்கிற விதத்தை எனக்கு அங்கேயே செய்து காட்டினார். துண்டில் சுற்றி, தலையைப் பின்னால் லேசாகச் சாய்த்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்தால் வாய் தானாகத் திறக்கும். நாக்கின் மேலே, தொண்டைக்குக் கிட்டே மாத்திரையைப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவி, மூக்கில் லேசாக ஊத வேண்டும். பூனை நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் முழுங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளச்சி நக்கினாள். "இவ்வளவுதான் சார். காலையில அரை, சாயங்காலம் அரை" என்றார். நானும் இவ்வளவுதானே என்று தலையாட்டினேன். ஒத்திகையில் நன்றாக நடித்துவிட்டு மேடையில் காலை வாருகிற பையன்களை ஆண்டு விழாக்களில் நிறையப் பார்த்தவன் நான். பூனைக்கும் அந்த வித்தை தெரியும் என்று தோன்றவில்லை.

முதலில் அரை மாத்திரை என்பதே வீட்டில் கிடைக்காத பொருள். பிளேடு வைத்து அழுத்தினால் ஒரு பாதி பொடியாகும், இன்னொரு பாதி பீரோவுக்கு அடியில் போகும். குனிந்து தேடுகிறவனை பீரோ மேலே உட்கார்ந்து வெள்ளச்சி பார்த்துக்கொண்டிருப்பாள். ஆபரேஷன் ஆன உடம்பு, குதிக்க விடாதீர்கள், தையலை நக்க விடாதீர்கள் என்று சொல்லிக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதற்கு எலிசபெத் காலர் என்று பேராம். பழைய இங்கிலாந்து ராணியம்மா கழுத்தில் விறைப்பாக ஒன்று கட்டிக்கொள்வாரே, அந்த ஜாடை. அதை மாட்டியதிலிருந்து வெள்ளச்சியும் ராணி மாதிரிதான் என்னைப் பார்க்கிறாள். கூடுதலாக, காதைச் சுற்றிக் கூம்பு இருப்பதால், நான் சமையலறையில் மாத்திரைப் பட்டையைப் பிரிக்கிற சத்தம் மாடிப்படி வரை அவளுக்குக் கேட்டுவிடுகிறது.

சரி, தந்திரத்துக்குப் போவோம் என்று மீன்காரம்மாவிடம் மத்தி வாங்கினேன். வேகவைத்து, முள்ளெடுத்து, நடுவே மாத்திரையை வைத்து உருட்டி வைத்தால், சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனாள். தட்டைப் பார்த்தேன். மாத்திரை மட்டும் நடுவில், ஒரு துளி மீன் ஒட்டாமல், பட்டையிலிருந்து எடுத்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. "எனக்கே மீனை உப்பில்லாம முள்ளில்லாம இதுவரைக்கும் யாரும் உருட்டி வச்சதில்ல" என்றாள் என் மனைவி. அதைத் தனியாகக் கணக்கில் வைத்திருக்கிறாள்.

என் மாமியாருக்கு வெல்லத்தில் நம்பிக்கை. நான் படித்ததைச் சொன்னேன்: பூனைக்கு இனிப்பே தெரியாது அத்தை, இனிப்பை உணர்கிற மரபணு பூனை வம்சத்துக்கே கெட்டுப்போய்க் கிடக்கிறது, பிலடெல்பியாவில் மோனெல் என்கிற ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 2005-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாமியார் வெற்றிலையை மென்றபடி முழுக்கக் கேட்டார். "சக்கரை குடுத்துப் பாத்திருப்பாங்க மாப்ள. வெல்லம் குடுத்தாங்களா?" என்று கேட்டார். பதிலில்லை. வெல்லப்பாகில் மாத்திரையை உருட்டி வைத்தார். எறும்பு வந்தது. வெல்லத்தை எடுத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் அந்த மாத்திரையைத் தின்னாத ஜீவன் வெள்ளச்சி மட்டுமில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

பொடித்துப் பாலில் கலந்தது என் சொந்த யோசனை. கசப்பு மருந்து நாக்கில் பட்டால் பூனைக்கு எச்சில் நுரைநுரையாகக் கொட்டும். ஆபத்தில்லாத விஷயம், துடைத்துவிட்டால் நின்றுவிடும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கழுத்தில் கூம்பும் வாயில் நுரையுமாக அவள் திண்ணை தாண்டித் தெருவுக்கு ஓடியதும், எதிர்வீட்டம்மா "ஐயோ, வாத்தியார் வூட்டுப் பூனைக்கு வெறி புடிச்சிட்டுது" என்று கத்தியதும்தான். பஞ்சாயத்து கூடினால்கூட வராத கூட்டம் அஞ்சு நிமிஷத்தில் கூடியது. நான் துண்டோடு நடுவில் நின்று, மாத்திரைதான், மாத்திரைதான் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். ஒரு பொடியன், என்னிடம் படித்தவனின் மகன், கவலையோடு கேட்டான்: "தாத்தா, நீங்க மாத்திர போட்டா உங்களுக்கும் நுரை வருமா?"

கூட்டம் என்றால் யோசனையும் கூடவே வரும் இல்லையா? ஒருவர், பூனைக்கு வலி இருக்கும், அதான் முரண்டு பிடிக்குது, வீட்டுல காய்ச்சலுக்குப் போடுற பாராசிட்டமால்ல கால் துண்டு குடுங்க என்றார். இங்கே மட்டும் நான் விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், அப்படிச் செய்துவிடாதீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற வழி நம் ஈரலில் இருக்கிற அளவு பூனை ஈரலில் கிடையாது. அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியையே இழந்துவிடும். ஒரே மாத்திரையில் செத்துப்போகும். டாக்டர் சீட்டின் மேலேயே இதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை எடுத்துக் காட்டியபோது கூட்டம் என்னைக் கொஞ்சம் மதித்தது. அதற்குள் வெள்ளச்சி வேப்பமரத்தில் இருந்தாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். சில மாத்திரைகள் வெறுமனே போனால் பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடுமாம். எப்படிக் கொடுத்தாலும் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் போக வேண்டுமாம். மனைவி பிடித்துக்கொள்ள, நான் சிரிஞ்சை அழுத்த, காரியம் ஒருமாதிரி நடந்தது. உத்தேசமாகச் சொன்னால் பாதி மருந்து வெள்ளச்சிக்குள், பாதி என் சட்டைக்குள்.

அதோடு இருந்திருக்கலாம். மருந்து முடிகிற சமயத்தில், நமக்குத்தான் பழகிவிட்டதே, அந்த டாக்டரம்மா மாதிரி விரலாலேயே போட்டுப் பார்ப்போமே என்று ஒரு ரோஷம். கோரைப்பல்லுக்குப் பின்னால் விரலை வைத்தால் வாய் திறக்கும் என்றார் அல்லவா? உண்மைதான், திறந்தது. எப்போது மூடும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலில் இரண்டு புள்ளி. அப்புறம் அவள் அழகாக நாக்கை நீட்டி மூக்கை நக்கினாள், முழுங்கிவிட்டாள் என்று நானும் நம்பினேன். சாயங்காலம் செருப்பைப் போட்டபோது காலில் என்னவோ உறுத்தியது. அரை மாத்திரை.

பக்கத்து வீட்டுத் தம்பி மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். என் விரலைப் பார்த்துவிட்டு, "இதுக்கா சார் இவ்ளோ? கால்ல வெடிப்போட பாத்தியில எறங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். தை மாசம் தொடங்கி மழை வரும்வரை உப்புத்தண்ணீரில் நிற்கிற காலைப் பார்த்த பிறகு என் விரலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனைவி விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

அங்கே வரிசையில் எல்லாரும் நாய்க்கடி. ஒருவரை உப்பளத்து ரோட்டில் நாலு நாய் பைக்கோடு துரத்தியிருக்கிறது. இன்னொருவர் கன்றுக்குட்டியைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டவர். பெஞ்சில் கதை நகர்ந்து என்னிடம் வந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நர்சம்மா நோட்டைத் திறந்தார்.

"என்னா கடி?"

"பூனை."

"தெருப் பூனையா?"

"வீட்டுப் பூனை."

"வளக்கற பூன எதுக்குக் கடிக்கப் போவுது? என்னா பண்ணீங்க?"

"மாத்திரை குடுத்தேன்."

கன்றுக்குட்டியைக் காப்பாற்றியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று ஊசிக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போடும்போது மனைவி என் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்திருந்த விதம் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கையில் துண்டுதான் இல்லை.

டாக்டர் மாத்திரையும் எழுதினார். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிட்டு வந்துவிடும், வெளியே துளை சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும் என்றார். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து மனைவி கண்ணாடி போட்டுப் பட்டையைப் படித்தாள். உள்ளே போய் வெள்ளச்சியின் பட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அளவுதான் வேறு. மருந்து அதேதான்.

வெள்ளச்சிக்குத் தையல் பிரித்தாயிற்று. காயம் சுத்தமாக ஆறியிருக்கிறது. "வேளை தவறாமக் குடுத்திருக்கீங்க சார், ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார் பாண்டிச்சேரி டாக்டர். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாத்திரைதான் இன்னும் பாக்கி. எனக்குச் சின்ன வயசிலிருந்தே மாத்திரை தொண்டையில் இறங்காது, அதுவும் இது குதிரைக்குக் கொடுக்கிற அளவில் இருக்கிறது. காலையில் போட்டாச்சு என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் மத்திக் குழம்பு. இலையில் மீன் வந்து விழுந்தது, முள்ளெடுத்து, உருட்டி. எனக்கென்னவோ சந்தேகமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். விரலால் மெதுவாகப் பிரித்தேன்.

"பிரிச்சுப் பாக்காதீங்க" என்றாள் அடுப்பங்கரையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். "மீன்ல வெக்கல. ரசத்துல கரைச்சாச்சு."