முழுமையாக உடன்படுகிறேன், ஐயா

பெருமதிப்பிற்குரிய விரிவாக்கக் கல்வி இயக்குநர் ஐயா அவர்களுக்கு, தங்கள் வேளாண் அறிவியல் நிலையங்களில் ஒன்றில் பூச்சியியல் பார்க்கும் அடியேன் எழுதிக்கொள்வது.

போன வியாழக்கிழமை தாங்கள் நடத்திய ‘மாற்றத்தை வரவேற்போம்’ பயிலரங்கில் எனக்குக் கிடைத்தது பச்சைப் பலூன். அதில் ஸ்கெட்ச் பேனாவால் ‘எதிர்ப்பு மனப்பான்மை’ என்று எழுதி, மேலே உட்கார்ந்து உடைக்கச் சொன்னார் பயிற்சி கொடுக்க வந்த தம்பி. எனக்கு 53 வயது, மூட்டுவலி வேறு. உட்கார்ந்தேன், பலூன் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. “சாருக்கு எதிர்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் தம்பி. அரங்கமே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள். 26 வருட சர்வீஸில் தங்கள் கவனத்தைப் பெற்றது அன்றுதான்.

மறுநாள் காலை படிவம் வந்தது: ‘நிறுவன மாற்றம் குறித்த பணியாளர் கருத்தறிதல்’. 40 கேள்விகள், மாலை ஐந்து மணிக்குள். ஒன்றைத் தொட்டால் ‘முற்றிலும் மறுக்கிறேன்’, ஐந்தைத் தொட்டால் ‘முழுமையாக உடன்படுகிறேன்’. மூன்றுக்குக் கீழே விரல் போனால் ஒரு பெட்டி திறந்துகொள்கிறது: காரணத்தை 200 சொல்லுக்குக் குறையாமல் எழுதி, நிலையத் தலைவர் கையெழுத்துடன் பதிவேற்றவும். பெயர் வெளியே தெரியாது என்று முதல் வரி சொல்கிறது. இரண்டாவது வரி பணியாளர் எண் கேட்கிறது. எங்கள் நிலையத்தில் அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து. தீபாவளி முன்பணம் கேட்டபோதுகூட எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

மாற்றம் எங்களுக்குப் புதிதா என்ன? தலைவர் பதவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தலைமைப் பயிற்சி அமைப்பாளர், பிறகு திட்ட ஒருங்கிணைப்பாளர், இப்போது முதுநிலை விஞ்ஞானி மற்றும் தலைவர். பலகை எழுதுகிறவருக்கு நல்ல வரும்படி. ஒரு நிலையத்துக்கு 16 பணியிடங்கள், அதில் பாட வல்லுநர்கள் ஆறு பேர். எங்களிடம் இருப்பது நான்கு பேர். ஆகவே தோட்டக்கலையும் என் தலையில். முழுமையாக உடன்படுகிறேன்.

15 வருடம் முடிந்த அரசு வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் விதி வந்ததில் எங்கள் ஜீப்பும் வேப்பமரத்தடிக்குப் போனது. சக்கரத்தில் கோழி அடைகாக்கிறது. ஓட்டுநர் மட்டும் பணியில் இருக்கிறார். ஒற்றை விரலால், நான் பேசும் பயிற்சி விவரங்களை மூன்று இணையதளங்களில் ஏற்றுகிறார். அவரும் ஐந்துக்கு ஐந்து.

படிவம் நிரப்பிய வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். மளிகைக் கடைப் பையில் மக்காச்சோளக் குருத்து நாலைந்து. “பூச்சி சார் இருக்காருங்களா?” என்ற குரல் என் காதில் விழுந்தது. அப்போது நான் 31-ஆவது கேள்வியில் இருந்தேன், ‘மாற்றத்தால் விவசாயிகளுடனான எனது தொடர்பு வலுப்பெற்றுள்ளது’. பக்கத்தை விட்டு எழுந்தால் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். “கொஞ்சம் இருங்கம்மா” என்றேன். சர்வர் சுற்றியது. ஐந்தைத் தொட்டு, அடுத்து, அடுத்து என்று முடித்துவிட்டுத் தலை தூக்கினால் அந்த அம்மா இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். பை மட்டும் மேஜையில் இருந்தது, ஓரத்தில் ஊர்ப்பெயர் எழுதிய துண்டுச்சீட்டு.

பிரித்துப் பார்த்தேன். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம், இலையில் ஊசித் துளைகள். படைப்புழு. 2018-இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து எனக்குப் பழக்கமான ஆள். புழு சின்னதாக இருக்கும்போதே குருத்துக்குள் மருந்து விழ வேண்டும். வளர்ந்து உள்ளே இறங்கிவிட்டால் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். எந்த மருந்தும் போய்ச் சேராது. திங்கட்கிழமை என் சொந்த வண்டியில் 31 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தபோது, தலையில் தலைகீழ் ‘ஒய்’ போட்ட புழுக்கள் விரல் கணு அளவுக்கு வளர்ந்திருந்தன. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, மோர் கொடுத்தார். திட்டியிருக்கலாம். அந்த மோரை விழுங்க முடியாமல் நின்றேன் ஐயா. இது மாற்றமா? ஒரு மனுஷி கையில் வியாதியோடு நிற்கும்போது கணினியில் பொய் சொல்ல வைப்பதற்குப் பெயர் சீர்திருத்தமா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மன்னிக்கவும். பலூன் இன்னும் முழுதாக உடையவில்லை போலும்.

அந்தப் பயணத்துக்குப் படி கேட்டு விண்ணப்பித்தேன். ‘நிலையத்துக்கு அலுவலக வாகனம் உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று திரும்பி வந்தது. பதிவேட்டில் ஜீப் இன்னும் ஓடுகிறதாம். முழுமையாக உடன்படுகிறேன்.

1974-இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் திறந்தபோது, செய்து கற்பதுதான் கொள்கை. வயலுக்குப் போகாமல் செய்துகாட்ட முடியாது. தங்கள் அடுத்த பயிலரங்குக்கு எத்தனை பலூன் வேண்டுமானாலும் உடைக்கத் தயார், தரையில்கூட உட்காருகிறேன். பதிலுக்கு எங்களுக்கு ஒரு ஜீப் அனுப்புங்கள். பழசானாலும் பரவாயில்லை, 15 வயதுக்குள் இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கிறார்.