பாறுக்கு ஒரு பாராட்டு விழா

1924-இல் கல்கத்தாவில் இந்திய வேதியியல் கழகம் தொடங்கியபோது பிரபுல்ல சந்திர ராய் அதன் முதல் தலைவர். நூற்றாண்டும் கடந்தாயிற்று, நீலகிரியின் மசினகுடிக்கு ஒரு கிளை கேட்டால் என்ன தப்பு? சொற்பொழிவுக்குத் தலைப்பா இல்லை? மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபெனாக் ஊசி. மாடு செத்தால் பிணந்தின்னிக் கழுகான பாறுக்கு விருந்து. தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஈரல் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும். இத்தனை தெளிவான செய்முறை விளக்கம் எந்தக் கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும்?

2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். மனிதருக்கென்று 30 மில்லி புட்டி மட்டும் கடையில் இருந்தது. எந்த மனிதருக்கு 30 மில்லி என்று துருவிக் கேட்பது பண்பாடா? 2015-இல் புட்டி 3 மில்லியாகச் சுருங்கியது. இனி மாட்டுக்குப் போட நினைப்பவர் பத்துப் புட்டி உடைக்க வேண்டும், கணக்கும் வளரும். அசெக்ளோஃபெனாக் என்று இன்னொரு மருந்து இருக்கிறதே, மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறும். அந்த மாறுவேடக்காரனைத் தடுக்க 2023 ஆனது. பதறாத காரியம்தானே சிதறாது.

பாராட்டு விழாவில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு முன்வரிசை. பொன்னாடை மட்டும் வேண்டாம், அந்தக் கழுத்தில் நிற்காது. சிறப்புப் பேச்சாளர் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவார், இடுப்பு பிடித்துக்கொள்ளும். கவலை வேண்டாம். மேடைக்குப் பின்னால் அதே மருந்து 3 மில்லி தயாராக இருக்கும், மனிதருக்குத் தடையில்லை.