டீமேக்கர் டீ ஊத்த மாட்டாரு

வா தம்பி, இப்படி இஸ்தோப்புல குந்து. மூணு மாசமா ஹட்டன் டவுனுக்குப் போயி இங்கிலீஸ் படிக்கிறியாமே. நல்லது, படி. ஆனா நேத்து என்னா சொன்ன? "தாத்தா, லயம்னு சொல்லாதீங்க. அது பிழை. லைன்னு சொல்லணும்"ன்ன. ஏன்டாப்பா, பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பராவுல எட்டுப் பேரு படுத்து எந்திரிச்சோமே, அது யாருக்கும் பிழையாத் தெரியல. என் வாயில ஒரு எழுத்து மாறுனதுதான் பிழையாத் தெரிஞ்சிச்சோ?

வெள்ளைக்காரன் வரிசையாக் கட்டி வச்சு லைன்னான். நம்மாளு அதை மென்னு முழுங்கி லயம்னான். சங்கீதக்காரன் லயம்னா தாளம்பான். நம்ம லயத்துலயும் தாளம் உண்டு, மழை பேஞ்சா தகரத்து மேல.

சரி, ஒன் பேச்சுக்கே வாரேன். லைன்னே வச்சுக்க. எந்த லைனு? வட்டகொடை ஸ்டேசன்ல கேட்டா 1885ல நானுஓயா வரைக்கும் இழுத்துட்டுப் போன ரயில் பாதையைக் காட்டுவான். கரண்டுக்காரனுக்கு லைன்னா கம்பி. பேங்குல லைன்னா கால் கடுக்க நிக்கணும். ஒன் சோட்டுப் பயலுக ஒரு புள்ள பின்னாடி திரிஞ்சா அதுவும் லைன்தானாம். கொரோனாக் காலத்துல ஒங்க அக்கா போனைத் தூக்கிக்கிட்டு மலையுச்சிக்கு ஓடுனா. "எங்கம்மா போற?"ன்னேன். "ஒன்லைன் வகுப்பு தாத்தா"ன்னா. லைன்லயே பொறந்து லைன்லயே வளந்த புள்ள, லைனுக்குள்ள போக மலையேறுது! சிரிக்கிறதா அழுகிறதா?

ஒன் வாத்தியாரு ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்னு கொப்பியில எழுதிப் போடுறாரு. முளையில கட்டுன மாடா அது, ஒரே எடத்துல நிக்க?

நம்ம ஸ்டோரையே எடு. கொழும்புல ஸ்டோர்னா கடை. இங்க ஸ்டோர்னா தேயிலை பேக்டரி. அங்க அதிகாரம் யாருக்கு? டீமேக்கர் ஐயாவுக்கு. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல ஊருக்குப் போன குடும்பத்துப் பொடியன் ஒருத்தன் திருச்சியிலருந்து நம்மளைப் பாக்க வந்தான். ரோட்டுல நிக்கிறோம். "டீமேக்கர் ஐயா வாராரு"ன்னு நான் தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறான். "என்னா மாமா, டீக்கடை மாஸ்டருக்கா இம்புட்டு மரியாதை? எனக்கு ஒண்ணு சொல்லுங்க, சக்கரை கம்மியா"ங்கிறான்! ஐயா காதுல விழுந்திருந்தா அன்னைக்கு எனக்குப் பேரே விழுந்திருக்காது. பின்னாடியே கண்டக்டர் ஐயாவும் வந்தாரு. மலை வேலையெல்லாம் மேய்ச்சவரு. "இவரு எந்த பஸ்ஸு?"ன்னு அதுக்கும் ஒரு கேள்வி. பயல இழுத்துக்கிட்டு லயத்துக்கு வந்துட்டேன்.

அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? அவன் ஊருல அந்தச் சொல்லுக்கு அதுதான் சோலி.

பேருன்னேனே, அதையும் கேட்டுக்க. ஒலகத்துல பேருன்னா ஒன்னையக் கூப்புடுறதுக்கு. தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளம். கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு. பெத்தவ ஆசையா வச்ச பேரைக் கணக்கப்பிள்ளை சாயங்காலம் தராசுல வச்சுப் பாதியா வெட்டுவாரு. இது எந்த டிக்சனரியில இருக்கு? காலையில பெரட்டுக்குப் போனோம். அது என்னா? வெள்ளைக்காரனோட பரேடு. பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோட நின்னான், நம்ம சனம் கூடையோட நின்னுச்சு.

தொரை கொழுந்தைப் பாத்தா "குட் ப்ளஷ்"ம்பாரு. எங்களுக்குப் பெருமை தாங்காது. பொறவு ஒருநா டவுன்ல ஒரு ஹோட்டல் கக்கூசுல ஒங்கப்பன் சொவத்துல இருந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கிறான். அங்கயும் ப்ளஷ்! இம்புட்டு நாளா நம்ம கொழுந்தை என்னான்னு சொன்னாருன்னு ஒரு வாரம் யோசிச்சேன்.

போன மாசம் கொழும்புலருந்து ஒங்க சின்ன மாமா போன் பண்ணுனான். "எங்க கம்பெனியில பயரிங் நடக்குது, பயமா இருக்கு"ங்கிறான். "அதுக்கு ஏன்டா பயப்புடுற? பதமாச் சூடு வச்சா தேயிலை கருகாது"ன்னேன். நம்ம ஸ்டோர்ல தேயிலையைக் காயவைக்கிறதுதானே பயரிங்? அவனுக்கு ஆளைக் காயவைக்கிறதாம்.

தேயிலைக்காரன் இங்கிலீசு இருக்கே, அது தனிக் கூத்து. ஆரஞ்ச் பீக்கோம்பான். பழத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல. பீக்கோங்கிறது சீனாக்காரன் வார்த்தை. குருத்துல வெள்ளையா பூனைமயிரு மாதிரி இருக்குமே, அதைச் சொன்னது. டஸ்ட்டும்பான். வீட்டுல டஸ்ட்டுன்னா தொடப்பத்தை எடுப்ப. இது நல்லாச் சாயம் எறங்குற பொடித் தேயிலை, காசு குடுத்து வாங்கணும். அரைச்ச கொழுந்தைப் பரப்பி வச்சு பெர்மென்டிங்னு போர்டு போடுவான். அதுல கள்ளு மாதிரி நொதிக்கிறது ஒண்ணும் இல்ல. நறுக்குன வாழைக்காய் காத்துப் பட்டுக் கறுக்குதே, அந்த சங்கதிதான். இது தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்துல கோட்டுப் போட்ட ஐயாமாருக்கும் தெரியும். தெரிஞ்சும் சொல்லை மாத்தல பாத்தியா?

அப்புறம் கொழும்புல 1883லருந்து தேயிலை ஏலம் நடக்குது. அதுக்காகச் சாயத்தை உறிஞ்சி, நாக்குல பொரட்டி, துப்புறதுக்குன்னே ஆளு இருக்கு. படிச்ச ஆளுங்க. அவங்க அந்தச் சாயத்தை லிக்கர்ம்பாங்க. ஒங்கப்பாயி மட்டும் அதைக் கேட்டிருந்தா நான் காலையில குடிச்ச சாயத்தண்ணிக்கும் சண்டை இழுத்திருப்பா. "இந்த டீக்கு நல்ல பாடி"ம்பாங்க. பாடியா! நமக்கு ஆஸ்பத்திரியிலருந்து வேன்ல வந்தா பாடி. ஒனக்கு ஜிம்முக்குப் போனா பாடி. அவங்களுக்குக் கோப்பைக்குள்ள பாடி.

ஒங்க அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்தோமே, நல்ல பொடியன், பெயின்ட் கடை வச்சிருக்கான். "ஹி இஸ் நாட் மை கப் ஒப் டீ"ன்னுட்டா. எனக்குக் காதுல விழுந்தது டீ மட்டும்தான். "கோப்பி ஊத்தவா தாயி?"ன்னேன். புடிக்கலைன்னு சொல்றதுக்கு வெள்ளைக்காரனுக்குக் கோப்பை வேணுமாம். அந்தக் கோப்பைக்குள்ள என்னா கெடக்குன்னு கொழுந்து பறிச்ச ஒங்கப்பாயி முதுகைக் கேட்டா சொல்லும். இப்ப நீங்க புதுசா "ஸ்பில் த டீ"ங்கிறீங்க. ஊர்வம்பு பேசுறதாமே! எங்க காலத்துல தேயிலையைச் சிந்துனா வசவுதான் விழும்.

இதே வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்துல 1914ல ஒருத்தர் பொறந்தாரு. சி.வி. வேலுப்பிள்ளை. 1947ல தலவாக்கலைக்கு எம்பியா இருந்தவரு. இங்கிலீசுலயே கவிதை எழுதுனாரு, நம்ம சனத்தோட பாட்டையும் தேடிச் சேத்தாரு. அவரு புத்தகத்துக்குப் பேரு 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. லண்டன்காரனுக்கு டீ கார்டன்னா நாற்காலி போட்டுச் சாஞ்சுக்கிட்டு டீ குடிக்கிற பூந்தோட்டம். அவரு அதே சொல்லை எடுத்து நம்ம அட்டைக்கடியையும் மழையையும் உள்ள வச்சுட்டாரு. அதுதான் இங்கிலீஸ் படிச்ச ஆளு. நீ படிச்சு என்னையத் திருத்துற.

இன்னொண்ணு. 1972ல நாடே சிலோனுங்கிற பேரை விட்டுட்டு ஸ்ரீலங்கான்னு ஆயிருச்சு. தேயிலை மட்டும் இன்னைக்கும் சிலோன் டீதான். அதுக்கு யாராச்சும் பிழைன்னு சிவப்புப் பேனா எடுத்தாங்களா? கெழவன் லயம்னா மட்டும் எடுக்குறீங்க.

எந்திரி, அந்தா பஸ்ஸு வருது. வகுப்புக்கு நேரமாச்சு. கண்டக்டர் தட்டிட்டு "ரைட்டு ரைட்டு"ம்பான், பஸ்ஸு ரோட்டுக்கு லெப்ட்டாலதான் போகும். அவனைத் திருத்தப் போயி எறக்கி விட்டுட்டான்னா நடந்துதான் வரணும், சொல்லிட்டேன்.