எக்ஸி சுருக்கப் படலம்: நூற்பாவும் உரையும்

கழித்துச் சுருக்கிச் சோதித்து முத்திரை
பதித்தபின் அனுப்பல் பில்டின் இயல்பே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தானியங்கி பில்டில் எக்ஸி கோப்பைச் சுருக்கும் முறைவைப்பு உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: டீபக் சிம்பல்களை ஸ்ட்ரிப் என்னும் கருவி கொண்டு கழித்து, யுபிஎக்ஸ் என்னும் கருவி கொண்டு சுருக்கி, சுருங்கியது விரியுமா என்று சோதித்து, டிஜிட்டல் கையொப்பமிட்டு, அதன் பின்னரே வெளியிடுக என்றவாறு.

முறை மாறினால் என்னை எனின், கையொப்பமிட்டதைச் சுருக்கினால் பைட்டுகள் மாறும். மாறவே கையொப்பம் செல்லாதாகும். செல்லாதாகவே விண்டோஸ் வாசலில் நிறுத்தி 'நீர் யார்' என்று வினவும்.

'சுருக்கி' என்பதற்குச் சிறிது விரிவாகவே உரை வேண்டும். யுபிஎக்ஸ் சுருக்கிய விண்டோஸ் எக்ஸியைப் பிரித்துப் பார்த்தால் முதல் செக்‌ஷனின் பெயர் யுபிஎக்ஸ்0. கோப்பில் அதன் அளவு பூஜ்யம். இரண்டாவதான யுபிஎக்ஸ்1-இல் சுருங்கிய சரக்கும், அதை விரிக்கும் சிறு துணுக்கும் இருக்கும். நிரலை இயக்கியதும் சரக்கு நினைவகத்தில் விரிந்து அந்த வெற்றிடத்தை நிரப்பும். வட்டில் இல்லாததற்கும் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இக்கலை தொன்மையானது. மைக்ரோசாஃப்டின் எக்ஸிபேக் டாஸ் காலத்தது. அது சுருக்கிய நிரல், நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் ஏற்றப்பட்டால் கணக்குத் தடுமாறி, 'சுருக்கிய கோப்பு கெட்டுவிட்டது' என்று அலறும். கோப்புக்கு ஒரு கேடும் இராது. 1991-இல் வந்த டாஸ் 5, தன் பெரும்பகுதியை மேலே குடியேற்றவும் கீழே இடம் காலியாயிற்று, காலியானதே வினையாயிற்று. பரிகாரமாக அதே டாஸுடன் லோட்ஃபிக்ஸ் என்றொரு கட்டளை தந்தார்கள். அதன் வேலை, நிரலை 64 கேபிக்கு மேலே ஏற்றுவது. அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்த இடத்தை வீணாக்கவும் ஒரு கட்டளை! இதற்கு இணையான சிக்கனத்தை யாம் கண்டதில்லை.

அற்றேல், எப்படியும் ஜிப்பில் கட்டி அனுப்பும் கோப்பை முன்னதாக ஏன் சுருக்க வேண்டும் எனின், நல்ல வினா. ஜிப்பின் அளவு அதனால் பெரிதாகக் குறையாது. ஒரே நிரல் ஒரே சமயத்தில் பத்து முறை ஓடினால் நினைவகத்தில் பகிர்ந்துகொள்ளவேண்டிய பக்கங்கள் பத்துப் பிரதிகளாகும். வைரஸ் எழுதுவோருக்கும் இக்கலை பிடிக்கும் என்பதால் ஆன்டிவைரஸ் நம்மையும் அவ்வரிசையில் நிறுத்தும். ஆயினும் ரிலீஸ் குறிப்பில் 'அளவு பாதியாயிற்று' என்றெழுதும் இன்பம் ஜிப்பில் கிட்டாது. சுருக்குவோரின் உள்நோக்கம் இதுவே என்பது எம் துணிபு.

புறனடை: மூலநிரல் மாறாதபோது பழைய எக்ஸியே மறுபடி யுபிஎக்ஸிடம் போகும். 'ஏற்கெனவே சுருக்கியாயிற்று' என்று அது மறுக்க, பில்டு சிவப்பாகும். மேக்ஃபைலில் அக்கட்டளைக்கு முன் ஒரு சிறு கோடு இட்டால் பிழையைப் பொருட்படுத்தாது பில்டு மேலே செல்லும். பலரும் அக்கோட்டையே இடுவர். அதன்பின் யுபிஎக்ஸ் நிறுவப்படாத சர்வரிலும் சுருக்கம் இனிதே நிறைவேறும்.