உள்ரெப்போவியல்: காலிக் கோப்புறை பற்றிய ஓர் ஆய்வு

மென்பொருளாளரிடையே ரெப்போ என வழங்கும் நிரல் களஞ்சியம் ஒன்றினுள் மற்றொரு ரெப்போ குடிபுகுவதையும், அதனால் மாந்தர் படும் பாட்டையும் ஆராயும் துறையை உள்ரெப்போவியல் எனலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் கருவி, நிரலில் நிகழும் மாற்றங்களை கமிட் எனப்படும் பதிவுகளாகக் காத்துவருவது; அதில் ஒரு ரெப்போவினுள் மற்றொன்றைக் குடிவைக்கும் சப்மாடியூல் என்னும் கட்டளை 2007-இல் சேர்ந்ததும் இத்துறைக்கு ஆய்வுப்பொருள் குறைவின்றிக் கிடைக்கலாயிற்று.

வெளி ரெப்போ, உள் ரெப்போவின் கோப்புகளைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அதன் முகவரியையும் இருக்குமிடத்தையும் கிட்மாடியூல்ஸ் என்னும் சிறு கோப்பில் எழுதிக்கொண்டு, இன்ன கமிட் என்பதை மட்டும் 40 இலக்க அடையாளமாகப் பதிந்துகொள்கிறது. சாதாரணக் கோப்புக்கு 100644 என்னும் வகையெண் இடப்படுகையில், இப்பதிவுக்கு 160000 எனத் தனியெண் இடப்படுவது, கருவியே இதை வேற்றாளாகக் கருதுகிறது என்பதற்குச் சான்றாகும். வெளி ரெப்போ ஒரு குறிப்பிட்ட கமிட்டை நினைவில் வைத்திருக்க, மனிதரோ அது எப்போதும் புத்தம்புதியதையே எடுத்துத்தரும் என்று நம்பியிருக்கின்றனர். எல்லாத் துன்பமும் இவ்விடைவெளியில் பிறப்பதே என்பது இவ்வாய்வின் துணிபு.

அத்துன்பம் மூன்று அவத்தைகளாகப் பகுக்கப்படும். முதலாவது காணா அவத்தை: புதிதாகச் சேர்ந்த ஊழியர் வெளி ரெப்போவை குளோன் செய்கையில், அதாவது முழுப் படியெடுக்கையில், ரிகர்ஸ் சப்மாடியூல்ஸ் என்னும் குறிப்பைச் சேர்க்க மறந்தால், இலை போட்டுப் பரிமாற மறந்த பந்திபோல உள் ரெப்போவின் கோப்புறை பெயரளவில் மட்டும் இருக்கும். இரண்டாவது ஒட்டா அவத்தை: சப்மாடியூல் அப்டேட் கட்டளை, இயல்பாக, உள் ரெப்போவை எந்தக் கிளையிலும் ஒட்டாமல் அந்த ஒற்றைக் கமிட்டில் நிறுத்திவிடுவதால், அதையறியாது அங்கே செய்த வேலை அடுத்த அப்டேட்டில் கண்ணிலிருந்து மறைந்து, தேடுவாரில்லையேல் காலப்போக்கில் துப்புரவில் அழிந்தும் போகும். மூன்றாவது எட்டா அவத்தை: உள் ரெப்போவை புஷ் செய்யாமல், அதாவது பொதுச் சேவையகத்துக்கு அனுப்பாமல், வெளி ரெப்போவை மட்டும் புஷ் செய்தவரின் கணினியில் எல்லாம் செம்மையாக ஓட, சக ஊழியர்க்கோ அந்தக் கமிட் எங்கும் கிட்டாது. 'என் மெஷினில் ஓடுகிறதே' என்னும் பழமொழி பெரிதும் பயில்வது இவ்வவத்தையில்தான். புஷ் செய்கையில் செக் என்னும் தெரிவை இட்டால், உள்ளிருப்பது வெளியேறாதவரை கருவியே தடுத்துவிடும். எனினும் அத்தெரிவை நாடுவோர் பெரும்பாலும் ஒருமுறை பட்டவர்களே.

சப்ட்ரீ என்னும் மாற்றுவழியை நாடும் மதத்தார், உள்ளிருக்கும் கோப்புகளை வெளி ரெப்போவிலேயே கலந்துவிட்டால் மூன்று அவத்தையும் இல்லை என்பர். அது மெய்யே, ஆயினும் அங்கே செய்த திருத்தத்தை மூல ரெப்போவுக்குத் திருப்பியனுப்ப வரலாற்றைப் பிரித்தெடுக்க வேண்டிவருதலின், அவர்கள் துன்பத்தை ஒழித்தவரல்லர், ஒத்திவைத்தவரே.

எஞ்சியது நீக்கவியல். கோப்புறையை நீக்கி, கிட்மாடியூல்ஸ் பதிவையும் அழித்த பின்னரும், உள் ரெப்போவின் உண்மையான உடல் வெளி ரெப்போவின் கிட் கோப்புறைக்குள் மாடியூல்ஸ் என்னும் அறையில் கிடக்கும். பழைய கமிட்டுக்குத் திரும்புவோர்க்கு உதவவே இவ்வேற்பாடு. ஆனால் அதே பெயரில் மீண்டும் சேர்க்க முயல்வோரை, முன்பே ஒருவர் உள்ளே இருப்பதாகக் கூறிக் கருவி தடுக்கும். ஆதலின் உள் ரெப்போவைச் சேர்க்க ஒரு கட்டளையும், நீக்க ஓர் ஆய்வேடும் வேண்டும் என்பது முடிந்த முடிபு.