பெட்டி இருக்கிறது, சாவி யாரிடம்?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்றொரு புகார்ப் பெட்டி உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போடலாம். அருமையான ஏற்பாடு. அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவிட்டால், பெட்டிக்குப் பரம பாதுகாப்பு. சீட்டோடு வரும் பிள்ளையை மட்டும் பியூன் முதல் பி.டி. வாத்தியார் வரை பார்த்துவிடுவார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால், “எங்கேயோ பத்திரமா இருக்கு சார்!”

சுவரிலோ கொட்டை எழுத்தில் 1098, 14417 என்ற உதவி எண்கள். இரண்டும் இலவச அழைப்பு. ஆனால் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல். ஆபத்து பள்ளி முடியும் வரை காத்திருக்கும் என்று நம்புகிறோம் போல.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இத்தனை நாசூக்கு பார்க்கவில்லை. அப்படியொரு குற்றம் தெரிந்தும் தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை, அபராதம் தனி. ஆனாலும் சில பள்ளிகளில் முதல் தகவல் போகும் இடம் காவல் நிலையம் அல்ல, தாளாளர் வீடு. அங்கே “பள்ளிக்கூடத்தோட பேரு என்னாகிறது?” என்ற கவலையுடன் விசாரணை தொடங்கி, “அந்தப் பொண்ணோட எதிர்காலத்தையும் பாக்கணும்ல” என்று கருணையுடன் முடியும்.

நடுவில் ஆசிரியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சியும் உண்டு. கையெழுத்து, தேநீர், குழுப்படம். படம் வாட்ஸ்அப்பில் ஏறியதும் மேலிடத்திலிருந்து பதில் வருகிறது: “பேனர் சரியாகத் தெரியவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும்.”