சுண்டைக்காய் கால் பணம்

வாலே பேராண்டி, உக்காரு. பெட்ரோலுக்கு மாத்து வந்துட்டுன்னு போன்ல எதையோ பாத்துட்டு ரெண்டு நாளா குதிச்சிக்கிட்டு அலையுதியாமே, உங்க ஆச்சி சொன்னா. நல்லா குதி. நானும் குதிச்சவன்தான்.

1996-ல ராஜபாளையம் பக்கம் ஒருத்தரு தண்ணியில பச்சிலையப் போட்டு, 'இந்தா மூலிகைப் பெட்ரோல்'னாரு. நாடே வாயைப் பொளந்துச்சு. நான் நம்ம தோட்டத்துல ஒரு செடி விடாம மோந்து பாத்தேன். தும்மல்தான் வந்துச்சு. பெட்ரோலியச் சரக்கைக் கலந்து மூலிகைன்னு வித்தாருன்னு கேஸ் நடந்து, 2016-ல கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு.

பொறவு காட்டாமணக்கு வந்துச்சு. 2003-ல டெல்லித் திட்டக் கமிஷன் குழு, தரிசுல நட்டாலே டீசல் கொட்டும்னுச்சு. தண்ணி அதிகம் வேண்டாம், ஆடு கடிக்காதுன்னும் சொன்னாங்க. ஆடு கடிக்காதுங்கது மட்டும் சத்தியம். அது விஷம்னு ஆட்டுக்குத் தெரியும். காஞ்ச காட்டுல செடி பொழச்சிக் கெடந்துச்சு, காய்தான் காங்கலை. தண்ணி பாய்ச்சினா காய்க்கும். தண்ணி பாயுத நெலத்துல எவம்லே காட்டாமணக்கு நடுவான்? 2006-லருந்து லிட்டர் 25 ரூவாய்க்கு எடுத்துக்கிடுதோம்னு சர்க்கார் சொல்லுச்சு. கொட்டை பெறக்குத கூலி, ஆட்டுத கூலியச் சேத்தா அடக்கமே அதைத் தாண்டி நின்னுச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இப்ப எத்தனால். பெட்ரோல்ல நூத்துக்கு 20 கலக்குதாங்க. ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்க சூட்டுல மூணுல ரெண்டு பங்குதான் எத்தனால்ல இருக்கு. பழைய காருல இந்தக் கலவையை ஊத்துனா 6, 7 சதம் மைலேஜ் கொறையும்னு நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்லுது. கரும்புல ஒரு லிட்டர் எடுக்க 2,860 லிட்டர் தண்ணின்னும் அதுலயே இருக்கு. கம்மாயக் குடிச்சிட்டு உன் வண்டி ஓடும், நீ கொடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னால ஓடு. அமெரிக்காக்காரன் மக்காச்சோளத்துல எடுக்கான். உள்ள ஒண்ணு போட்டா வெளிய வாரது ஒண்ணேகாலா ரெண்டான்னு அங்க படிச்சவங்க இன்னமும் மல்லுக்கட்டுதாங்க. வட்டிக்கு விட்டவன் கூட இதுக்குச் சிரிப்பான்.

கரண்டு வண்டி கொஞ்சம் கணக்குக்கு ஒத்து வருது. பெட்ரோல் இஞ்சினுக்கு நூறு ரூவா எண்ணெய் ஊத்துனா சக்கரத்துக்குப் போறது 20, 30 ரூவாதான். மிச்சம் சூடும் பொகையும். நம்மூரு வெயிலு போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்குதோம். கரண்டு மோட்டாரு 80-க்கு மேல சக்கரத்துக்குக் குடுக்கும். ஸ்கூட்டரு நூறு கிலோமீட்டர் போக மூணு, நாலு யூனிட்டு போதும். ஆனா அந்தக் கரண்டு வாரது எங்கருந்து? அனல் நிலையம் நிலக்கரிச் சூட்டுல மூணுல ரெண்டு பங்கைக் கோட்டை விட்டுட்டுத்தான் உனக்கு அனுப்புது. கயத்தாத்துல கரண்டு எடுக்குத காத்தாடி ஆடியில சும்மா சொழட்டி எடுக்கும்; ஐப்பசியில என்னைய மாதிரி திண்ணையில கெடக்கும். பேட்டரி செத்துச்சுன்னா வெலையக் கேட்டு நீ படுத்துருவே.

அதனால வேண்டாங்கலலே. எவன் என்ன எண்ணெயக் கொண்டாந்தாலும் மூணு கேள்வி கேளு. போட்டது எம்புட்டு? வந்தது எம்புட்டு? தண்ணி யாரு வீட்டுது? மூணாவது கேள்விக்கு முழிச்சான்னா, மோரைக் குடுத்து அனுப்பிச்சிரு.

இன்னொண்ணு. நேத்து தெருமொனைக் கடைக்கு அஞ்சு ரூவா வெத்தலைக்கு பைக்குல போனே. சுண்ணாம்பை மறந்துட்டு வந்து, மறுக்க பைக்குல போனே. அங்க போக எந்த எண்ணெய்லே வேணும்? எந்திரி, நடந்து போயி எனக்கு வெத்தலை வாங்கிட்டு வா. சுண்ணாம்பை மறந்துராத.